வந்து சேரும் நேரம்

1

தாழ்வுபாட்டிலிருந்து தம்பி ஜெராட் போன கிழமை வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் இடையில் உள்ள தூரத்தைச் சொல்லும் இணையப் பக்கம் ஒன்றின் படம். ஒரு முனையில் நாங்கள் இருக்கும் போட்ஸ்பியூர்ட். மறு முனையில் மகள் டிலானி இருக்கும் ஹமர்பெஸ்ட். இரண்டும் நோர்வேயின் வடக்கு ஓரத்தில், இதற்கு மேல் நிலம் இல்லை என்கிற இடத்தில் உள்ள சிறிய ஊர்கள். நடுவில் ஒரு வளைந்த கோடு. கீழே தூரம், இருநூற்றிருபது கிலோமீற்றர் சொச்சம். பறக்கும் நேரம், அரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட.

படத்துக்குப் பின்னால் அவனுடைய குரலும் வந்தது.

“அக்கா, இதென்ன தூரம்? மன்னாரில இருந்து யாழ்ப்பாணம் போற நேரத்தில பாதிகூட இல்ல. நீங்க என்னெண்டால் மகளைப் பாக்கப் போறது பெரிய பயணம் எண்டு கதைக்கிறியள். பேரனுக்கு வயித்துக் குத்தெண்டால் ஓடிப்போய் ஓமத்தண்ணி பருக்கிப்போட்டு, பின்னேரத் தேத்தண்ணிக்கு வீட்ட வந்திரலாம்.”

அந்த இணையப் பக்கத்தில் பிழை இல்லை. நான் வரைபடத்தில் அளந்து பார்த்தேன், தூரம் சரிதான். ஆனால் அந்தக் கோட்டின் மேல் எந்த விமானமும் பறப்பதில்லை. எங்களுக்கு வருவது காற்றாடி வைத்த சின்ன விமானம். அது மன்னார் பஸ் நிலையத்திலிருந்து புறப்படும் ஊர்ப் பஸ்ஸைப் போல, வழியில் மெஹாம்னில் இறங்கும், ஹொனிங்ஸ்வோக்கில் இறங்கும். இரண்டு பேர் இறங்குவார்கள், ஒருவர் ஏறுவார், தபால் பை ஒன்று மாறும். பிறகுதான் ஹமர்பெஸ்ட். அதுவும் காற்று விட்டால். ஹமர்பெஸ்ட் ஓடுபாதை மலைச் சரிவில் இருக்கிறது. காற்று ஒரு பக்கமாகத் திரும்பினால் விமானம் மேலே இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வேறு ஊருக்குப் போய்விடும்.

போன மாசி மாதம் அந்த அரை மணித்தியாலத்தை நான் கடந்த விதத்தை ஜெராட்டுக்கும், அவனைப் போலப் படம் பார்த்துத் தூரம் சொல்கிற ஊர் ஆட்களுக்கும் எழுதுகிறேன். அதற்கு முதலில் எங்கள் தெருவில் இருந்து தொடங்க வேண்டும்.

2

எங்கள் தெருவில் கடலுக்குப் போகிறவரிடம் எப்போது வருவீர்கள் என்று கேட்பதில்லை. போகிறவரும் சொல்வதில்லை. “போட்டு வாறன்” என்பார். வீட்டில் இருப்பவர் “ஓம்” என்பார். அவ்வளவுதான். எந்த நேரத்துக்குச் சோறு வடிக்க வேண்டும் என்பதைக் காற்றையும், கரைக்கு வந்த மற்ற வள்ளங்களையும் பார்த்து நாமாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சித்தப்பா கலியாணம் முடித்த புதிதில் நடந்ததை ஊரில் இன்னும் சிலர் நினைவு வைத்திருப்பார்கள். சித்தி வெள்ளாங்குளத்துப் பக்கம், வயல்காரக் குடும்பம். எங்களோடு வந்து மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, சித்தப்பா வலையைத் தோளில் போட்டுக்கொண்டு படலையைத் தாண்டும்போது குசினிக்குள் இருந்து சத்தமாகக் கேட்டா:

“எத்தினை மணிக்கு வருவியள்?”

சித்தப்பா நின்றார். திரும்பி வந்தார். வலையை இறக்கி வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தார்.

“இண்டைக்குத் தொழில் இல்ல.”

“ஏன், காய்ச்சலோ?”

அம்மா ஓடிவந்தா. “அடி பிள்ளை, கடலுக்குப் போற மனுசனிட்ட நேரம் கேக்கிறதே? அந்தாள் என்ன கந்தோர் உத்தியோகத்துக்கோ போகுது?”

“அரிசி போடுறதுக்கு நேரம் தெரியவேண்டாமோ அக்கா? எங்கட ஊரில மாடுகூட நேரத்துக்கு வீட்ட வரும்.”

“அப்ப நீ மாட்டுக்காரன் ஒருத்தனைக் கட்டியிருக்கலாம்” என்றார் சித்தப்பா. அன்று முழுக்க அவர் கதிரையை விட்டு எழும்பவில்லை. சித்தி அதற்குப் பிறகு கேட்கவும் இல்லை.

பிறகு சண்டைக் காலத்தில் நேவியின் பாஸ், கடலுக்குப் போகும் அனுமதிச் சீட்டு, வந்தது. கரையில் காவலரண் போட்டு, ஆளின் பெயர், போகும் நேரம், திரும்பும் நேரம் எல்லாம் எழுதிக் கையெழுத்து வைத்தால்தான் வள்ளத்தை இறக்கலாம் என்றார்கள். அப்பா எழுத வாசிக்கத் தெரிந்தவர். ஆனால் திரும்பும் நேரத்துக்கான இடத்தை மட்டும் அவர் நிரப்ப மாட்டார். “நீயே எழுது மாத்தயா” என்று சிங்களச் சிப்பாயிடம் கொடுத்துவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பாஸை வீட்டில் வைக்கும்போது அம்மா எழுத்து கீழே இருக்கும்படி கவிழ்த்துத்தான் வைப்பா.

ஒரு நாள் அந்த நேரம் தாண்டியது. இரவும் தாண்டியது. அடுத்த நாள் மத்தியானம்தான் அப்பா வந்தார். காற்று வள்ளத்தை வேறு கரைக்குக் கொண்டுபோயிருந்தது. அதைக் காவலரணில் விளங்கப்படுத்தப் பின்னேரம் வரை போனது. அம்மா மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்திருந்தா. அதை முடித்துக்கொண்டு வந்த அன்று என்னிடம் ஒரு சொல் சொன்னா.

“நேரத்தை எழுதிக் குடுத்தால் கடல் அதை வாசிக்கும், பிள்ளை.”

எனக்குச் சின்ன வயதிலேயே நாட்குறிப்பு எழுதும் பழக்கம் இருந்தது. இன்றைக்கும் எந்தப் பயணம் போனாலும் புறப்பட்டதையும் சேர்ந்ததையும் நேரத்தோடு எழுதுவேன். ஆனால் எல்லாம் வந்து சேர்ந்த பிறகுதான். முன்கூட்டி ஒருபோதும் எழுதியதில்லை.

3

இந்த நாட்டில் எல்லாமே முன்கூட்டித்தான். பல் வைத்தியரிடம் போவதற்கு ஆறு மாதத்துக்கு முன்பே நேரம் எழுதித் தருவார்கள். நான் வேலை செய்யும் மீன் தொழிற்சாலையில் வள்ளம் எத்தனை மணிக்குக் கட்டும் என்பதைச் சுவரில் எழுதி ஒட்டுவார்கள். புதிதில் அதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவேன். இப்போது பழகிவிட்டது. அது தொழிற்சாலையின் நேரம், கடல் அவர்களோடு கணக்குப் பார்த்துக்கொள்ளட்டும். இவர், அதாவது என் கணவர் அன்ரன், தூண்டில் வள்ளத்தில் போனவர். இவரும் தாழ்வுபாடுதான். “போட்டு வாறன்” என்பார், “ஓம்” என்பேன். எங்களுக்கு அதற்கு மேல் கதை தேவைப்படவில்லை.

டிலானி இங்கே பிறந்தவள். தமிழ் நன்றாகக் கதைப்பாள், ஆனால் நோர்வேஜிய மொழியில் எல்லாரும் ஒரே ‘நீ’ என்பதால் சின்னதில் வந்து போன பாதிரியாரைக்கூட “நீ எங்க இருக்கிறாய்?” என்று கேட்டு எங்களைத் தலை குனிய வைத்திருக்கிறாள். அவர் சிரித்துவிட்டு, “பங்களாவில இருக்கிறன் மகள், நீ எங்க இருக்கிறாய்?” என்றார்.

இந்தக் கரையில் பிள்ளைகள் வீட்டை விட்டுப் போவது கலியாணத்துக்கு அல்ல, படிப்புக்கு. பதினாறு வயதில், அவர்கள் எடுக்கும் பாடம் ஊரில் இல்லாவிட்டால், வேறு பட்டினத்தில் அறை வாடகைக்கு எடுத்துத் தனியே இருந்து படிப்பார்கள். டிலானி ஹமர்பெஸ்ட்டுக்குப் போனாள். எங்கள் விமான நிலையம் ஒரு கடையளவுதான் இருக்கும். முதல் நாள் அதில் மூன்று பிள்ளைகள், மூன்று தாய்மார். மற்ற இருவரும் பிள்ளையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, அடுத்து எப்போது வருவாய், எந்த வெள்ளிக்கிழமை, எத்தனை மணி விமானம் என்று கேட்டுக்கொண்டு நின்றார்கள். நான் அவளுடைய மேற்சட்டையின் சிப்பை மேலே இழுத்துவிட்டு, “கவனமாப் போட்டு வா” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். “வேற ஒண்டும் இல்லையோ?” என்றாள்.

“சாப்பாட்டுப் பை மேல இருக்கு.”

“பரவாயில்ல” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

விமானம் மலைக்குப் பின்னால் மறையும் வரை நான் வாகனத் தரிப்பிடத்தில் நின்றேன். அவள் சேர்ந்துவிட்டேன் என்று செய்தி அனுப்பும் வரை வேலைக் கையுறையைப் போடாமல் இருந்தேன். செய்தி வந்ததும் நேரத்தை எழுதினேன். அவள் போன ஒவ்வொரு தடவையும், வந்த ஒவ்வொரு தடவையும் என்னிடம் எழுத்தில் இருக்கிறது. அவளுக்கு அது தெரியாது.

படிப்பு முடிந்து அங்கேயே வேலை எடுத்தாள். எஸ்பன் என்ற நோர்வேஜியப் பெடியனோடு குடும்பமானாள். நல்ல பிள்ளை. அவனுக்குத் தெரிந்த தமிழ்ச் சொல் ‘வாங்கோ’ மட்டும்தான், ஆகையால் எங்களை வழியனுப்பும்போதும் கையை ஆட்டி “வாங்கோ, வாங்கோ” என்பான். டிலானி வீட்டுக்கு வருவது வருடத்தில் இரண்டு தடவையாக, பிறகு ஒரு தடவையாகக் குறைந்தது. வேலை என்றாள். வேலைதான் என்று நானும் நினைத்தேன்.

4

பிள்ளை பிறக்கப் போகிறது என்று தெரிந்த நாளிலிருந்து நான் ஆயத்தம் செய்தேன். ஜெராட் அனுப்பிய பார்சலில் பத்தியக் கறிக்கான சரக்குத்தூள் வந்தது. சுறாக் கருவாடும் வந்தது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டுமென்றால் சுறாவைப் போல வேறொன்றும் இல்லை என்பது எங்கள் கரையில் யாரும் விவாதிக்காத விடயம். மாசிக் கடைசி என்று வைத்தியசாலை சொல்லியிருந்தது. நான் தொழிற்சாலையில் விடுமுறைக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மாசி நடுவில் ஒரு பின்னேரம் தொலைபேசியில் டிலானி கேட்டாள்.

“அம்மா, நீங்க எப்ப வாறியள்?”

“வருவன்.”

“என்ன நாள்? எத்தினை மணி விமானம்? எஸ்பன் வந்து ஏத்தவேணும்.”

“வந்து இறங்கினாப் பிறகு எடுக்கிறன். அவர் பத்து நிமிசத்தில வந்திடுவார்தானே.”

பிறகு அவள் கதைத்த குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

“நீங்க வரத் தேவையில்லை அம்மா. இங்க மருத்துவிச்சி இருக்கிறா. எஸ்பன் இருக்கிறார். கஷ்டப்பட்டு வரவேண்டாம்.”

“என்னடி கதைக்கிறாய்? எனக்கென்ன கஷ்டம்?”

“நான் வீட்ட விட்டுப் போய் எத்தினை வருசம்? ஒரு நாள், ஒரே ஒரு நாள் நீங்க என்னட்ட எப்ப வருவாய் எண்டு கேட்டிருக்கிறியளா? மற்றப் பிள்ளையளின்ர அம்மாமார் கலண்டரில நாள் வெட்டிக்கொண்டு இருப்பினம். நான் வந்தால் வந்தன், வராட்டில் வரேல்ல. உங்களுக்கு ரெண்டும் ஒண்டு. இப்பவும் நீங்க வாற நேரத்தைக்கூட எனக்குச் சொல்ல மாட்டியள்.”

தொலைபேசியை வைத்துவிட்டாள்.

இவர் எதிரே இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். “என்னவாம்?”

“நான் அவள் எப்ப வருவாள் எண்டு கேக்கேல்லையாம்.”

“கேக்கக் கூடாதே” என்றார் இவர், உண்மையிலேயே விளங்காமல்.

அன்றிரவு நான் அழவில்லை. அழுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. அவள் சொன்னது அவள் பார்த்த அளவில் சரி. நான் செய்தது நான் வளர்ந்த அளவில் சரி. இரண்டையும் ஒரே அறையில் வைத்துப் பேசித் தீர்க்க வேண்டும், அதற்கு நான் அங்கே போய்ச் சேர வேண்டும். பிள்ளை பிறக்க முன் போய்ச் சேர வேண்டும். பிறந்த பிறகு போனால், வலி முடிந்த பிறகு வந்து எட்டிப் பார்த்தவள் என்றுதான் அவள் கணக்கில் பதிவாகும். அடுத்த கிழமைக்குப் பயணச்சீட்டை எடுத்தேன்.

5

அடுத்த கிழமை வரை பிள்ளை பொறுக்கவில்லை. இரண்டு நாள் கழித்துக் காலையில் எஸ்பன் தொலைபேசியில் எடுத்தான். தண்ணீர்க்குடம் உடைந்துவிட்டது, ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டோம், வலி இன்னும் மெதுவாகத்தான் இருக்கிறது என்றான். நான் மேலதிகாரியிடம் ஒரு சொல் சொல்லிவிட்டு, தொழிற்சாலைச் சப்பாத்தோடு விமான நிலையத்துக்குப் போனேன். இவர் வீட்டிலிருந்து பையைக் கொண்டுவந்து தந்தார். ஒரு இருக்கை இருந்தது.

கருவாட்டை நான் மூன்று பொலித்தீன் பையில் சுற்றி, அதற்கு மேல் துவாயும் சுற்றியிருந்தேன். சின்ன விமானத்துக்கு அது போதாது. காற்றாடி சுழல முதலே முன் வரிசையில் ஒரு பெண் மூக்கைத் தடவினாள். பக்கத்தில் இருந்த கிழவர் மட்டும் மூச்சை நன்றாக உள்ளே இழுத்தார். ஆர்னே என்று பெயர், பழைய மீனவர், கண் பரிசோதனைக்கு ஹமர்பெஸ்ட் போகிறவர்.

“மீன்தானே?” என்றார்.

“சுறா. காய வைச்சது.”

“நாங்கள் சுறாவைத் திருப்பிக் கடலில எறிஞ்சிடுவம்.”

“நாங்கள் பிள்ளை பெத்தவளுக்குக் குடுப்பம்.”

அவர் யோசித்தார். “என்ர மனுசிக்கு ஐந்து பிள்ளை. இது தெரியாமல் வெறும் உருளைக்கிழங்கைக் குடுத்துப்போட்டன்” என்றார். முன் வரிசைப் பெண்ணும் சிரித்துவிட்டாள்.

மெஹாம்னில் இறங்கி ஏறினோம். ஹொனிங்ஸ்வோக்கில் இறங்கி ஏறினோம். ஹமர்பெஸ்ட்டுக்கு மேலே போனபோது கீழே வீடுகளின் வெளிச்சம் தெரிந்தது. ஆஸ்பத்திரி எதுவாக இருக்கும் என்று தேடினேன். விமானம் தாழ்ந்தது, பக்கவாட்டில் தூக்கி எறிந்தது போல ஆட்டம் கண்டது, திரும்ப மேலே ஏறியது. இன்னொரு தடவையும் அப்படியே. பிறகு விமானி, காற்று விடவில்லை, ஹொனிங்ஸ்வோக்குக்குத் திரும்புகிறோம் என்றார்.

அரை மணித்தியாலக் கோட்டின் முடிவுப் புள்ளியை இரண்டு தரம் கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனோம்.

ஹொனிங்ஸ்வோக்கில், இரவுக்குத் தங்குமிடம் தருகிறோம், காற்று குறைந்தால் நாளை காலை விமானம் என்றார்கள். வரிசையில் நின்றவர்கள் தலையாட்டினார்கள். இந்தக் கரை ஆட்களுக்குக் காற்றோடு சண்டை பிடிக்கிற வழக்கம் இல்லை. நான் ஆர்னேயிடம் போனேன்.

“தரையால போக வழி இருக்கோ?”

“இருக்கு. மூன்று மணித்தியாலம். கடலுக்குக் கீழால சுரங்கப் பாதை, பிறகு மலை. மலையில பாதையைப் பூட்டினால் எவ்வளவு எண்டு சொல்லேலாது.” பிறகு, “என்ர பெறாமகன், தம்பியின்ர மகன், இங்க இருக்கிறான். வான் வண்டி ஒண்டு வைச்சிருக்கிறான்” என்றார்.

“நான் போகவேணும்.”

“தெரியுது” என்றார், என் சப்பாத்தைப் பார்த்து.

பெறாமகன் வரும் வரை நிற்கையில் எஸ்பனுக்கு எடுத்தேன். டிலானி தொலைபேசியை வாங்கினாள். மூச்சு வாங்கிக்கொண்டு கதைத்தாள்.

“எங்க நிக்கிறியள் அம்மா?”

“ஹொனிங்ஸ்வோக்கில.”

“இங்க சரியான காத்து. நீங்க நாளைக்கு வாங்கோ. பரவாயில்ல.”

பதினாறு வயதில் சொன்ன அதே ‘பரவாயில்ல’. வெளியே கண்ணாடிக் கதவு காற்றில் தானாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. சுவரில் பெரிய மணிக்கூடு. அம்மா பாஸைக் கவிழ்த்து வைக்கும் கை என் கண்ணுக்குள் நின்றது. மணிக்கூட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றேன்.

“டிலானி, ஆறு மணிக்கு வாறன்.”

“என்ன?”

“பின்னேரம் ஆறு மணி. ஆறு மணிக்கு உன்ர கட்டிலுக்குப் பக்கத்தில நிப்பன்.”

அடுத்த வலி வந்திருக்க வேண்டும், தொலைபேசி எஸ்பனிடம் போய்விட்டது.

பிறகு இவருக்கு எடுத்தேன்.

“தரையால போறன். அவளிட்ட ஆறு மணி எண்டு சொல்லிப்போட்டன்.”

“நேரமோ? வாயால சொல்லிப்போட்டியோ?”

“சொல்லிப்போட்டன்.”

“சரி. நான் செபமாலை எடுக்கிறன்” என்றார்.

6

பெறாமகன் ஓட்ட, ஆர்னேயும் என்னோடு வந்தார். சுரங்கப் பாதை கடலுக்கு அடியில் இறங்கி மறுபக்கம் ஏறியது. மேலே தண்ணீர் இருக்கிறது என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. கடற்கரை வழியே நன்றாகத்தான் வந்தோம். மலை அடிவாரத்தில் தடுப்பு. பனிப்புயல் அடிக்கும்போது பாதையைப் பூட்டிவிட்டு, பனி தள்ளும் வாகனம் ஒன்றை முன்னே விட்டு, அதன் பின்னால் வாகனங்களை வரிசையாகக் கூட்டிப் போவார்கள். அந்த வாகனம் மறுபக்கத்திலிருந்து வரும் வரை நிற்க வேண்டும். ஊரில் சண்டைக் காலத்தில் மடுவுக்குப் போகும் வழியில் சோதனைச் சாவடி திறக்கும் வரை இப்படித்தான் நிற்போம். அங்கே வெயில், இங்கே பனி. முன்னால் நிற்கும் வாகனத்தின் பின் விளக்கையே பார்த்துக்கொண்டிருப்பது இரண்டுக்கும் பொது.

கைத்தொலைபேசியில் தொடர்பு இல்லை. பிந்தும் என்று சொல்லக்கூட வழியில்லை.

“காற்றைப் பிழை சொல்லலாம்” என்றார் ஆர்னே.

“காற்றுக்கு நான் நேரம் சொல்லேல்ல. மகளுக்குத்தான் சொன்னனான்.”

ஆறு மணி மலை உச்சியில் கழிந்தது. வாகனத்தின் மணிக்கூட்டில் இலக்கம் மாறுவதை நான் கண் இமைக்காமல் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கண்ணாடியில் பனி துடைக்கும் தடி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போனது. பெறாமகன் மிட்டாய் ஒன்றை வாயில் போட்டான்.

ஆஸ்பத்திரிக் கதவடியில் இறங்கும்போது ஏழு மணி ஆகப் போகிறது. ஆர்னே பையைத் தூக்கித் தந்தார். பிள்ளைப்பேற்றுப் பகுதி இரண்டாம் மாடி. நான் படியால் ஓடினேன்.

டிலானி கட்டிலில் ஒரு பக்கமாகச் சரிந்து, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். சுவரில் மணிக்கூடு இருந்தது.

“ஆறு மணி எண்டு சொன்னியள்” என்றாள். முகம் கோபத்தில் சிவந்திருந்தது, கண் நிறையத் தண்ணீர்.

“ஓம். பிந்திப்போச்சு.”

“நான் எவ்வளவு நேரமா அந்த மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு கிடக்கிறன், தெரியுமா?”

மருத்துவிச்சி சிரித்துக்கொண்டு என்னிடம் சொன்னா: “‘தள்ளச் சொன்னாலும் தள்ள மாட்டன், ஆறு மணிக்கு அம்மா வருவா’ எண்டு உங்கட மகள் சொல்லிக்கொண்டிருந்தவா. நல்ல காலம், பிள்ளைக்கும் அவசரம் இல்லை.”

டிலானி என் கையைப் பிடித்தாள். விரல் நொந்தது. வலிக்கும் வலிக்கும் இடையில் நான் சித்தியையும், கதிரையை விட்டு எழும்பாத சித்தப்பாவையும், கவிழ்த்து வைத்த பாஸையும் அவளுக்குச் சொன்னேன். மாடு நேரத்துக்கு வரும் என்ற இடத்தில் சிரித்தாள், அதற்குள் வலி வந்து சிரிப்பை வெட்டியது.

“இதை நீங்க எனக்குப் பதினாறு வயசில சொல்லியிருக்கலாமே அம்மா.”

“எப்பிடிச் சொல்லுறது? சொல்லுறதெண்டால் எனக்குப் பயம் எண்டும் சொல்லவேணும். நீ விமானத்தில ஏறேக்க அதையா சொல்லுறது?”

“நான் என்ன கடலுக்கா போனனான்?”

“எனக்குத் தூரம் போற எல்லாரும் கடலுக்குத்தான் போகினம்.”

அவள் என் கையை விடவில்லை. விடிய முன் பேரன் பிறந்தான். அவன் வந்து சேர்ந்த நேரத்தை, வழக்கம்போல, வந்த பிறகு எழுதினேன்.

சுறாவைப் பற்றிக் கேட்பீர்கள். உதிர்த்துத் தேங்காய்ப்பூவோடு வறை செய்து கொடுத்தேன். டிலானி இரண்டு வாய் சாப்பிட்டாள். மிச்சம் முழுவதையும் எஸ்பன் சாப்பிட்டான். பால் யாருக்கு ஊறியது என்று ஜெராட் கேட்க வேண்டாம், டிலானிக்கு ஊறியது.

7

இப்போது எங்களுக்குள் ஒரு ஏற்பாடு இருக்கிறது. தொலைபேசியில் கடைசிக் கேள்வியாக நான், “அடுத்து எப்ப வருவாய்?” என்று கேட்கிறேன். முதல் சில தடவை நாக்கு மறுத்தது, மீன் முள்ளைத் துப்புவது போலத்தான் கேள்வியைத் துப்பினேன். இவர் அந்த நேரம் எழும்பி வெளியே போய்விடுவார். ஆனால் கேட்கிறேன். அவள் நாளும் நேரமும் சொல்கிறாள். கலண்டரில் எழுதுகிறேன், எழுத்து மேலே தெரிய.

பேரனுக்கு ஏழு மாதம். அவனைத் தூக்கிக்கொண்டு டிலானி இன்றுதான் முதல் தடவையாக இங்கே வருகிறாள். எஸ்பனுக்கு வேலை, அவளும் பிள்ளையும் மட்டும். நாளைச் சொல்லியிருந்தாள், நேரத்தைப் பிறகு சொல்கிறேன் என்றிருந்தாள். காலையில் ஜன்னலால் பார்த்தேன். துறைமுகத்தில் வள்ளங்களின் கொடி எல்லாம் ஒரே பக்கமாக விறைத்து நிற்கிறது. வடமேற்குக் காற்று.

கொஞ்சம் முன் அவளிடமிருந்து செய்தி: “வெளிக்கிட்டிட்டம். விமானத்துக்குள்ள இருக்கிறம்.”

நான் ஒழுங்காக எழுதினேன்: “எத்தினை மணிக்கு வந்து சேருவியள்?”

எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று காட்டியது. நின்றது. திரும்ப எழுதினாள். நின்றது. பிறகு வந்தது:

“வந்து சேந்தாப் பிறகு சொல்லுறன் அம்மா. பிள்ளை மடியில இருக்கிறான்.”

இவரிடம் காட்டினேன். இரண்டு தரம் வாசித்தார். எழும்பிப் போய்க் காரின் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கிவிட்டார்.

ஜெராட், நீ அனுப்பிய படத்தில் தூரம் சரி. நேரத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். விமானம் எத்தனை மணிக்கு என்று அட்டவணையில் இருக்கிறது, நான் பார்க்கவில்லை. மெஹாம்னில் நிற்கட்டும், ஹொனிங்ஸ்வோக்கில் நிற்கட்டும், மேலே எத்தனை சுற்று வேண்டுமானாலும் சுற்றட்டும். திரும்பிப் போனால் நாங்கள் தரையால் போவோம், பெறாமகனின் இலக்கம் என்னிடம் இருக்கிறது. நான் சப்பாத்தைப் போட்டுவிட்டேன். இப்போதே போய் அங்கே நிற்கப் போகிறேன்.